பின்ட் மென்பொருள்: எல்லாம் சரி, சூரியக் காற்று மட்டும் சைபர்

முதலில் ஒரு எச்சரிக்கை. கணினியில் ‘பிப் இன்ஸ்டால் பின்ட்’ என்று நிறுவும் கட்டளையை அடித்தால், நான் இங்கே எழுதப்போகும், பல்சார் என்ற துடிக்கும் நட்சத்திரங்களின் நேரத்தைக் கணக்குப் போடும் மென்பொருள் வராது. மீட்டர், கிலோ, விநாடி என்று அலகு மாற்றித் தரும் வேறொரு பின்ட் வந்து உட்காரும். அதுவும் நல்ல சாமான்தான், நமக்கு வேண்டியது அது இல்லை. ‘பின்ட்-பல்சார்’ என்று சேர்த்து அடிக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி ஒரு மணி நேரம் எனக்கு இதிலேயே போனது. பல்சாரைக் கேட்டால் கிலோகிராமைக் காட்டுகிறதே என்று திரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வானியல்காரன் இல்லை. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்ட் பெஞ்சுக்கு மென்பொருள் எழுதுகிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகாமல் வேலைக்கு வந்த ஆள். அந்தக் குறை போகட்டும் என்று ஒன்றரை வருடமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் பல்சார் தரவுகளோடு உட்காருகிறேன். பல்சார்களை வைத்து ஈர்ப்பு அலை தேடும் அமெரிக்காவின் நானோகிராவ் குழு தன் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதைத் திறந்து பார்க்கும் கருவிதான் இந்தப் பின்ட். இலவசம். நிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

பேரைப் பற்றி இரண்டு வார்த்தை. பல்சார் நேரக்கணக்குக்கு முதலில் டெம்போ என்று ஒரு மென்பொருள் இருந்தது. அப்புறம் 2006-இல் ஆஸ்திரேலியப் பக்கத்தில் ஹாப்ஸ், எட்வர்ட்ஸ், மான்செஸ்டர் ஆகியோர் டெம்போ2 கொண்டுவந்தார்கள். இது மூன்றாவது, ஆனால் பழைய நிரலை ஒட்டுப்போடாமல் புதிதாகப் பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. அதனால் ‘பின்ட் இஸ் நாட் டெம்போ த்ரீ’ என்பதையே சுருக்கிப் பின்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதை என் மாமாவிடம் விளக்கப் போய் நான் பட்ட பாடு தனி. ராஜவீதிப் பக்கம் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் கேட்டார்.

“ஏனுங் மாப்ளே, டெம்போ எடுத்திருக்கறதா அக்கா சொல்லுச்சு. லோடு கெடைக்குதா?”

“மாமா, அது வண்டி இல்லீங்க. நட்சத்திரம் துடிக்கற நேரத்தைக் கணக்குப் போடற சாஃப்ட்வேர்.”

“அதுல என்ன வருமானம்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

சரி, சாமானுக்கு வருவோம். பல்சார் என்பது சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். கலங்கரை விளக்கு மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரேடியோத் துடிப்பு நம் பக்கம் வரும். நான் வைத்துக்கொண்டிருப்பது ஜே0030+0451. மீன ராசிப் பக்கம், சுமார் ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில், 4.87 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று. போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி 2005 முதல் நானோகிராவுக்காக இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தொலைநோக்கி 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்துவிட்டது. தரவு மட்டும் இருக்கிறது.

பின்ட்டுக்கு இரண்டு கோப்பு கொடுக்க வேண்டும். ஒன்று பார் ஃபைல்: நட்சத்திரத்தின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு வேகம் குறைகிறது எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று டிம் ஃபைல்: துடிப்புகள் வந்து சேர்ந்த நேரங்கள், ஆயிரக்கணக்கில். பூமி எங்கே இருந்தது, கடிகாரம் எவ்வளவு பிசகியது, வியாழன் சூரியனை எவ்வளவு இழுத்தது என்று எல்லாவற்றையும் கழித்து, வர வேண்டிய நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள மிச்சத்தைப் பின்ட் படமாகப் போட்டுத் தரும். மிச்சம் சைபர் கோட்டைச் சுற்றிப் பொடி தூவியது மாதிரி இருந்தால் உங்கள் ஜாதகம் சரி. ஏதாவது உருவம் தெரிந்தால் எங்கோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள்.

நிறுவுவது பெரிய கஷ்டமில்லை. ஆனால் எந்தக் கணினி என்பதைப் பாருங்கள். பல வருடத் தரவை நானோ விநாடித் துல்லியத்தில் வைக்க சாதாரணத் தசம எண் போதாது. 80 பிட் நீளமுள்ள எண் வேண்டும், இன்டெல் வகைச் சில்லில் லினக்ஸ் போட்டால் அது கிடைக்கும். ஆப்பிளின் புதிய எம் வரிசைச் சில்லில் நேரடியாகக் கிடைக்காது, பழைய சில்லைப் போல நடிக்கவைத்துத்தான் ஓட்ட வேண்டும். விண்டோஸில் உள்ளே லினக்ஸைப் போட்டுக்கொள்ள வேண்டும். லட்ச ரூபாய் மேக்புக்கை விட, செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் பழைய லேப்டாப் இந்த ஒரு வேலைக்கு மேல். இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. முதல்முறை ஓட்டும்போது கோள்களின் நிலை அட்டவணையை இணையத்தில் இருந்து இறக்கும், டி.இ.440 என்றால் நூறு எம்.பி.க்கு மேல். மொபைல் டேட்டாவில் முயற்சி செய்ய வேண்டாம். தரவு பெரிதாக இருந்தால் திறக்கவே சில நிமிடம் எடுக்கும். ஒருமுறை கணக்குப் போட்டதைச் சேமித்து வைத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

பின்ட்டிகே என்று இதோடு ஒரு சன்னல் வருகிறது. கட்டளை எழுதாமல் மவுஸால் புள்ளிகளைத் தேர்ந்து, எந்த எண்ணை மாற்றலாம் என்று டிக் போட்டு, ‘ஃபிட்’ அழுத்தினால் தரவோடு பொருந்தும்படி அந்த எண்களை அதுவே சரிசெய்துவிடும். என்னைப் போன்ற ராத்திரி ஆசாமிக்கு இதுதான் வரம். கல்லூரியில் வகுப்பு எடுக்கிறவர்கள் இதை வைத்தே ஒரு செய்முறைப் பாடம் நடத்தலாம்.

இனி என் இரண்டு மாதத்தைத் தின்ற கதை.

நானோகிராவ் கொடுக்கும் பார் ஃபைலில் நூற்றுக்கும் மேல் வரிகள் டி.எம்.எக்ஸ். என்று ஆரம்பிக்கும். டி.எம். என்பது நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே உள்ள எலக்ட்ரான்களின் மொத்தக் கணக்கு. ரேடியோ அலை எலக்ட்ரான் கூட்டத்தின் வழியே வரும்போது தாமதமாகும். அலைவரிசை குறையக் குறையத் தாமதம் கூடும், அதுவும் இருபடி விகிதத்தில். என் பல்சாரின் டி.எம். 4.33. அதனால் 430 மெகாஹெர்ட்ஸில் அதன் துடிப்பு 97 மில்லி விநாடி பிந்தி வருகிறது, அதற்குள் நட்சத்திரம் இருபது சுற்று சுற்றிவிடும். இந்த டி.எம். நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும் என்பதால், ஒரு வாரத்துக்கும் குறைவான சின்னச் சின்னச் சன்னல்களாகப் பிரித்துத் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் அந்த நூறு வரி. எனக்கு அது அலங்கோலமாகத் தெரிந்தது. எதற்கு இத்தனை, ஒரு டி.எம்., அது வருடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்று இன்னொன்று, போதாதா? எல்லா வரியையும் அழித்தேன்.

படம் போட்டால் வருடத்துக்கு ஒருமுறை மிச்சம் ஊசி மாதிரி மேலே எழுந்தது.

வருடத்துக்கு ஒருமுறை என்றால் பூமி சூரியனைச் சுற்றுவதோடு சம்பந்தம். நட்சத்திரத்தின் இடம் பிசகியிருந்தால் வருட அலை வரும் என்று படித்திருக்கிறேன். இடத்தை ஃபிட் செய்தேன். ஊசி கொஞ்சம் வளைந்தது, போகவில்லை. வானத்தில் நட்சத்திரம் நகரும் நகர்ச்சியைச் சேர்த்தேன். பாரலாக்ஸைச் சேர்த்தேன். அதாவது பூமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும்போது அலைமுகப்பின் வளைவால் வரும் சின்ன அசைவு. இந்த நட்சத்திரத்துக்கு அது 4 மைக்ரோ விநாடிக்கும் குறைவு, ஆனால் அதிலிருந்துதான் தூரத்தைக் கணக்கிட வேண்டும். ஃபிட் முடிந்ததும் பார்த்தால் ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்க வேண்டியது பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்திருந்தது. கோள் அட்டவணையை மாற்றினேன். கடிகாரத் திருத்தத்தைச் சந்தேகப்பட்டேன். அப்படியே இரண்டு மாதம் போனது.

கடைசியில் புனே பக்கம் ஆராய்ச்சி செய்யும் கல்லூரி ஜூனியர் ஒருவனைப் போனில் பிடித்தேன்.

“அண்ணா, ஊசி எந்த மாசத்துல வருது?”

“மார்ச் கடைசி.”

“ரெண்டு அலைவரிசையிலயும் ஒரே உயரமா?”

பார்க்கவே இல்லை. பின்ட்டிகேயில் புள்ளிகளை அலைவரிசைப்படி நிறம் பிரிக்க ஒரு தேர்வு இருக்கிறது, நான் தொட்டதில்லை. தொட்டேன். 430 மெகாஹெர்ட்ஸ் நிறம் மட்டும் ஊசியாக நின்றது. 1400 நிறம் அதன் காலடியில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் கிடந்தது.

“அண்ணா, என்.இ.எஸ்.டபிள்யூ எவ்ளோ வெச்சிருக்கீங்க?”

“அப்படி ஒண்ணு வெக்கவே இல்லையே.”

“அப்ப சைபர்ணா. உங்க சூரியன்ல காத்தே அடிக்கல.”

என்.இ.எஸ்.டபிள்யூ என்பது பூமி இருக்கும் தூரத்தில் சூரியக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை எலக்ட்ரான் என்கிற எண். சூரியன் எப்போதும் எல்லாத் திசையிலும் மின்னேற்றத் துகள்களை விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஊதிக்கொண்டே இருக்கிறது. இப்படி ஒரு காற்று இருக்க வேண்டும் என்று யூஜின் பார்க்கர் 1958-இல் கணக்குப் போட்டுச் சொன்னார். பல்சாரில் இருந்து வரும் அலை இந்தக் காற்றையும் கடந்துதான் நம்மிடம் வருகிறது. சூரியனுக்குப் பக்கத்தில் காற்று அடர்த்தி, அதனால் நட்சத்திரம் சூரியனை ஒட்டித் தெரியும் நாட்களில் தாமதம் கூடும். என் பல்சார், வானத்தில் சூரியன் போகும் ராசி மண்டலப் பாதையில் இருந்து ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லை. பங்குனி நடுவில், மார்ச் 29 வாக்கில், சூரியன் அதைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போகிறது. அன்று அலை சூரியனின் மையத்தில் இருந்து ஐந்தரை சூரிய ஆரத் தூரத்தில் வருகிறது. பின்ட்டிகேயின் கிடைமட்ட அச்சை ‘வருடத்தின் எத்தனையாவது நாள்’ என்று மாற்றினேன். எல்லா வருடத்து ஊசியும் 88-ஆவது நாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றது. இதை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம்.

கணக்கு இதுதான். அடர்த்தி 4 என்று வைத்தால், அந்த நாளில் 1400 மெகாஹெர்ட்ஸில் 5 மைக்ரோ விநாடி, 430-இல் 54 மைக்ரோ விநாடி தாமதம். ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கி கேட்கும் 150-இல் 440 மைக்ரோ விநாடி. நட்சத்திரம் சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும்போது 1400-இல் அதே தாமதம் 65 நானோ விநாடிக்கு இறங்கிவிடும். அலை சூரியனின் ஈர்ப்பாலும் பிந்துகிறது, என் நட்சத்திரத்துக்கு அது செங்கோணத்தில் இருப்பதைவிட 80 மைக்ரோ விநாடி அளவுக்குக் கூடும். ஆனால் அது எல்லா அலைவரிசைக்கும் ஒன்றே, அதைப் பின்ட் தானே கழித்துவிடுகிறது. நிறம் பிரித்துப் பார்க்க வேண்டியதன் காரணமே இதுதான். நிறத்துக்கு நிறம் மாறினால் வழியில் எலக்ட்ரான் இருக்கிறது, மாறாவிட்டால் வேறெதையோ தேட வேண்டும்.

அந்த நூறு வரிக்கும் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நானோகிராவ்காரர்கள் சூரியக் காற்றைச் சைபர் என்று வைத்துவிட்டு, அதன் தாமதத்தையும் டி.எம்.எக்ஸ். சன்னல்களே விழுங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கடைக்காரர் குழம்பு ஒரு பையிலும் உப்பு ஒரு பொட்டலத்திலும் கொடுத்தார். நான் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழம்பில் உப்பில்லை என்று இரண்டு மாதம் அலைந்தேன். தப்பு என்னுடையது. பின்ட்டின் ஆவணத்தில் ‘சொல்லாவிட்டால் சைபர்’ என்று ஒரு வரியில் தெளிவாகவே இருக்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே டெம்போ2-வோடு ஒப்பிட வேண்டும். அதில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதுவாகவே 4 என்று போட்டுக்கொள்ளும். எது நல்லது? என் ஜூனியருக்கு 4 பிடிக்கும், சைபரை விட உண்மைக்குப் பக்கம் என்பான். எனக்கு இப்போது சைபர்தான் பிடிக்கிறது. சைபர் தப்பாக இருந்தால் ஊசி எழுந்து நின்று கத்துகிறது. 4 தப்பாக இருந்தால் பாதி ஊசி மறைந்து, மீதிப் பாதி பாரலாக்ஸிலும் இடத்திலும் போய் ஒளிந்துகொள்ளும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 4 தப்பாக இருக்க வாய்ப்பு நிறைய. நானோகிராவின் 11 வருடத் தரவை வைத்து மேடிசன் குழுவினர் 2019-இல் வெளியிட்ட சராசரி 7.9. ஏறக்குறைய இரட்டிப்பு. எந்த மென்பொருளாக இருந்தாலும் அந்த வரியை உங்கள் கையாலேயே பார் ஃபைலில் எழுதிவிடுங்கள். ஒரே பார் ஃபைலை இரண்டு மென்பொருளில் ஓட்டினால் விடை ஏன் மாறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது.

நான் எழுதினேன். பக்கத்தில் 1 போட்டு, நீயே கண்டுபிடி என்று விட்டேன். ஊசி முக்கால்வாசி படுத்துவிட்டது. எண் 4-ஐத் தாண்டி மேலே போய் நின்றது. நட்சத்திரமும் பக்கத்துத் தெருவைக் காலி செய்துவிட்டுப் பழைய இடத்துக்குப் போனது.

இந்தக் காற்றுச் சமாசாரத்தை மாமாவுக்குச் சொன்னபோது அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எங்க தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு எதுக்கு இருக்குதுன்னு நெனச்சே? மேல ஃபேன் சுத்துனா மில்லி ஆடும். கதவைச் சாத்திட்டுத்தான் எடை போடோணும்.” பட்டறையில் மில்லி என்றால் மில்லிகிராம். பவுன் கணக்கில் எடை போடும்போது மூச்சுக்காற்று பட்டால்கூடக் கடைசி இலக்கம் ஓடும். பல்சார்காரர்கள் தேடுவதும் கடைசி இலக்கத்தைத்தான். பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் மிக நீண்ட ஈர்ப்பு அலைகளுக்கான சான்று என்று 2023 ஜூனில் நானோகிராவ், ஐரோப்பியக் குழுவோடு நம் இந்தியக் குழு, ஆஸ்திரேலியா, சீனா எல்லோரும் ஒரே நேரத்தில் அறிவித்தார்களே, அந்த அலை பல்சார் நேரத்தை அசைப்பதெல்லாம் நூறு நானோ விநாடி அளவில். உலகிலேயே மிகத் துல்லியமான பல்சார்களில் ஒன்றான ஜே1909-3744 சூரியப் பாதையில் இருந்து 15 டிகிரி தள்ளி இருக்கிறது. அதற்கே 1400 மெகாஹெர்ட்ஸில் சூரியக் காற்று வருடத்துக்கு ஒருமுறை 0.4 மைக்ரோ விநாடி ஆட்டம் காட்டும். மாமாவுக்குக் கூண்டு இருக்கிறது. இவர்களுக்குக் கூண்டு கிடையாது, தராசே காற்றுக்குள்தான் இருக்கிறது. ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றியது என்று கணக்குப் போட்டுக் கழிப்பது ஒன்றுதான் வழி.

அந்தக் கணக்கில்தான் பின்ட்டின் குறை. குறை என்றால் பின்ட்டுக்கு மட்டும் உள்ளது இல்லை, டெம்போ2-வுக்கும் இதேதான். சூரியன் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதுகிறது, தூரத்தின் இருபடிக்கு ஏற்ப அடர்த்தி குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உருண்டையான, சாந்தமான, வருடா வருடம் மாறாத சூரியன். அப்படி ஒரு சூரியன் இல்லை. வேகமான காற்று ஒன்று, மெதுவான அடர்ந்த காற்று ஒன்று. சூரியன் அமைதியாக இருக்கும் வருடங்களில் வேகக் காற்று துருவங்களில் இருந்தும், அடர்ந்த காற்று நடுவயிற்றுப் பட்டையில் இருந்தும் வரும். பதினோரு வருடச் சுழற்சியின் உச்சத்தில் எல்லாம் கலைந்துவிடும். இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று யூ, ஹாப்ஸ் குழுவினர் 2007-லேயே இரண்டு பகுதி கொண்ட கணக்கு மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். 2021-இல் லோஃபார் தரவை வைத்து கத்தெரீனா திபூர்த்சி குழுவினர் இன்னும் கறாராகச் சொன்னார்கள்: உருண்டைச் சூரியன் என்ற கணக்கு மாதிரி போதாது, அடர்த்தி எண்ணைக் காலத்துக்குக் காலம் மாறவிட வேண்டும், அப்படி விட்டாலும் சூரியப் பாதையை ஒட்டிய பல்சார்களில் மிச்சம் நிற்கும்.

பின்ட் இதற்குச் சில சாவிகள் வைத்திருக்கிறது. எஸ்.டபிள்யூ.எம். என்பதை 1 ஆக்கினால் இருபடி என்ற கட்டாயம் போய்விடும், எஸ்.டபிள்யூ.பி. என்ற எண்ணால் அடர்த்தி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று நாமே வைக்கலாம். சூரியனுக்கு மிக அருகில் அடர்த்தி இருபடியைவிட வேகமாகக் குறைகிறது என்பதால், ஐந்தரை ஆரத்தில் உரசும் என் பல்சாருக்கு இது விளையாட்டுச் சாவி இல்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது எஸ்.டபிள்யூ.எக்ஸ்., காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சூரியக் காற்று வைக்கலாம். நான் வருடத்துக்கு ஒன்று வைத்தேன். துண்டின் எல்லையைச் செப்டம்பர் கடைசியில் போட்டேன், அப்போது சூரியன் எதிர்ப்பக்கம் இருக்கும், சண்டை வராது. டெம்போ2-வில் இருந்து மாறுவதற்கு இந்த ஒரு வசதியே போதும் என்பேன்.

போட்டதும் வருடத்துக்கு வருடம் எண் மாறியது. அதைப் பார்த்து ‘ஆகா, சூரியச் சுழற்சியைப் பிடித்துவிட்டேன்’ என்று குதித்தேன். ஜூனியர் தண்ணீர் ஊற்றினான். அரெசிபோ இந்த நட்சத்திரத்தைப் பார்த்தது மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஊசியின் கூர் இருப்பதோ ஒரு வாரம், பத்து நாள். சூரியன் ஒரு நாளைக்கு ஒரு டிகிரி நகர்கிறது. ஒரு வருடம் பார்வை மார்ச் 28-இல் விழும், இன்னொரு வருடம் மார்ச் 12-இல் ஒன்று, ஏப்ரல் 8-இல் ஒன்று என்று ஊசியின் இரண்டு பக்கமும் விழும். ஊசிமுனையையே தொடாத வருடத்துக்கும் பின்ட் ஒரு எண் கொடுக்கும். பிழை எல்லையும் பக்கத்தில் போடும், அதைப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. நான் எண்ணைப் பார்த்தேன், எல்லையைப் பார்க்கவில்லை. பார்த்ததும் பாதி வருடங்கள் ஒன்றுக்கொன்று மாறவே இல்லை என்று தெரிந்தது. இதற்குத் தீர்வு அடிக்கடி பார்ப்பது, தாழ்ந்த அலைவரிசையில் பார்ப்பது. லோஃபார் செய்வது அதுதான். புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கத்தில் உள்ள நம் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியிலும் இந்தியக் குழு 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டை, 1260 முதல் 1460 வரை ஒரு பட்டை என்று ஒரே நேரத்தில் இரண்டிலும் கேட்கிறது. 45 மீட்டர் கிண்ணங்கள் முப்பது இருப்பதால் சிலதை இதற்கு, சிலதை அதற்கு என்று பங்கு பிரித்துக்கொள்ள முடிகிறது.

பின்ட் தொடாத விஷயங்களும் உண்டு. சூரியனுக்குப் பக்கத்தில் போனால் தாமதம் மட்டுமா வரும்? காற்றில் உள்ள கொந்தளிப்பால் அலை சிதறித் துடிப்பே அகலமாகும், பிரகாசம் விநாடிக்கு விநாடி மினுக்கும், சூரியனின் சொந்த ரேடியோ இரைச்சல் கிண்ணத்தின் ஓரம் வழியே நுழையும், காந்தப்புலம் அலை அதிரும் தளத்தைத் திருப்பும். இதெல்லாம் நேரம் குறிப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பின்ட்டிடம் வருவது வெறும் நேரம்தான், அதைக் குறை சொல்ல முடியாது.

அந்த மினுக்கலைப் பற்றி ஒரு பக்கக் கதை. கேம்பிரிட்ஜில் ஆன்டனி ஹெவிஷ் 1960-களில் கட்டிய ஆன்டெனாப் பண்ணையே சூரியக் காற்றால் மினுக்கும் ரேடியோ மூலங்களைப் பிடிக்கத்தான். சின்ன மூலம் மினுக்கும், பெரியது மினுக்காது, அதை வைத்துக் குவாசார் என்னும் மிகத் தொலைவான பிரகாச மூலங்களைப் பொறுக்கலாம் என்று திட்டம். 1967-இல் அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல் காகிதச் சுருளில் ஒரு கிறுக்கலைப் பார்த்தார். சூரியனுக்கு எதிர்ப்பக்கம், நடு ராத்திரியில், மினுக்கலே இருக்கக் கூடாத நேரத்தில் அது மினுக்கியது. அதுதான் முதல் பல்சார். சூரியக் காற்றைக் கேட்கக் கட்டிய கருவியில் பல்சார் சிக்கியது. இப்போது பல்சாரைக் கேட்கக் கட்டிய கருவியில் சூரியக் காற்று சிக்குகிறது.

இந்த இரண்டு வேலையும் நடந்த இடம் எனக்கு மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிறது. உதகை முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் ஓடத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், மலைச்சரிவில் வடக்கு தெற்காகப் படுத்திருக்கும். அந்தச் சரிவின் சாய்வு 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் அதுவே. அதனால் கதவைத் திறப்பது மாதிரி ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்தபோது எனக்கு அது பெரிய கோழிக் கூண்டுக் கம்பிவலை மாதிரித்தான் தெரிந்தது. அங்கே மினுக்கலை வைத்துச் சூரியக் காற்றை அளப்பவர்கள் இருந்தார்கள், பல்சார் கேட்பவர்களும் இருந்தார்கள். ஒருவர் கழித்துப் போடுவது இன்னொருவருக்குச் சம்பளம்.

யாருக்கு இந்த மென்பொருள்? பைத்தான் கொஞ்சம் தெரிந்த, ராத்திரியில் தூக்கம் வராத யாருக்கும். ஐந்துக்கு நான்கரை தருவேன். அரை மதிப்பெண் குறைத்தது சைபருக்காக இல்லை. பல்சார் சூரியப் பாதைக்கு இத்தனை டிகிரிக்குள் இருக்கிறது, நீ சூரியக் காற்றைச் சைபர் வைத்திருக்கிறாய் என்று திறக்கும்போதே ஒரு வரி எச்சரிக்கை காட்டலாமே என்ற ஆதங்கத்துக்காக. நட்சத்திரத்தின் இடம் பார் ஃபைலிலேயே இருக்கிறது, கணக்குப் போட ஒரு நொடி ஆகாது. நிரல் திறந்துதானே கிடக்கிறது, நீயே எழுதி அனுப்பு என்கிறான் ஜூனியர். அதற்கும் ஒரு ராத்திரி பார்க்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது வேறு. வருடத்துக்கு ஒரு காற்று என்று வைத்து ஃபிட் செய்த பிறகும் ஒரு மார்ச்சில் ஒரே ஒரு நாளின் 430 புள்ளிகள் எல்லாம் சேர்ந்து கோட்டுக்கு மேலே நிற்கின்றன. சோஹோ விண்கலம் 1995 டிசம்பரில் ஏவியதில் இருந்து சூரியனை மறைத்துவிட்டுச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் படம் எடுக்கிறது, பழைய படங்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. அதன் சி3 கேமரா 3.7 ஆரத்தில் இருந்து 30 ஆரம் வரை பார்க்கும். என் பல்சார் நின்ற இடம் மறைப்புத் தட்டை ஒட்டி, படத்துக்குள்ளேயே வருகிறது. அந்த நாளின் படங்களை இறக்கி, பல்சார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். வட்டத்துக்குப் பக்கத்தில் வெளிச்சமான ஓர் இழை போகிறது. வட்டத்தைத் தொடுகிறதா, பக்கத்தில் போகிறதா என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை. ஜூனியருக்கு அனுப்பியிருக்கிறேன்.